கிரகணம் சுட்ட கண்ணும் சிவப்பு விளக்கும்

1945 ஜூலையில் ஒரு சூரிய கிரகணம். போர் முடிந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்த ஜெர்மனியில் அது பகுதி கிரகணமாகத் தெரிந்தது. வெறுங்கண்ணால் அதைப் பார்த்து விழித்திரையைச் சுட்டுக்கொண்டவர்களில் ஒரு மருத்துவ மாணவரும் இருந்தார். அவர் கண்ணைப் பரிசோதித்தவர் ஹாம்பர்க்கில் இருந்த கெர்ட் மேயர்-ஷ்விக்கெராத். அப்போது அவருக்கே இருபதுகளின் நடுவில்தான் வயது.

மாணவரின் விழித்திரையில் இருந்த தழும்பு அவருக்குப் பழகிய ஒன்றைப் போல இருந்தது. கழன்றுவரும் விழித்திரையை ஒட்டவைக்க, அந்தக் காலத்தில் கண்ணைத் திறந்து மின்சூட்டால் சுடுவார்கள். அது விட்டுச்செல்லும் தழும்பும் இதே மாதிரிதான். அப்படியானால் கண்ணைத் திறக்காமலே, பாப்பா வழியாக ஒளியை அனுப்பி இதைச் செய்ய முடியாதா?

செய்துவிட்டார். மருத்துவமனை மொட்டைமாடியில் சூரியன் போகும் திசைக்கெல்லாம் திரும்பும் ஒரு கண்ணாடியை வைத்து, வெயிலைக் கீழே கொண்டுவந்து நோயாளியின் கண்ணுக்குள் பாய்ச்சினார். 1949ல் முதல் சிகிச்சை. சென்னையில் செய்திருந்தால் பரவாயில்லை, ஹாம்பர்க்கில் வெயிலை நம்பி அப்பாயின்ட்மென்ட் கொடுப்பது எப்படி! கார்பன் விளக்குக்கு மாறினார். 1950களின் நடுவில் ஸைஸ் நிறுவனத்தின் ஹான்ஸ் லிட்மானோடு சேர்ந்து செனான் விளக்குக் கருவியை உருவாக்கினார். 1960ல் மைமன் லேசரை ஒளிரவைத்தபோது, அதை எங்கே பயன்படுத்தலாம் என்று கண் மருத்துவர்கள் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

இதுவரை சொன்னது விழித்திரை கழன்றுவரும் கதை. வயதானவர்களுக்கு வரும் மாக்குலா சிதைவு வேறு. மாக்குலா என்பது விழித்திரையின் நடுப்பகுதி. படிப்பது, முகம் அடையாளம் காண்பது எல்லாம் அதன் வேலை. இந்த நோயில் இரண்டு வகை உண்டு. உலர் வகை மெதுவாக அரிக்கும். ஈர வகையில், விழித்திரைக்கு அடியில் புதிய ரத்தக்குழாய்கள் முளைத்துக் கசியும், பார்வை மளமளவென்று போகும்.

கசியும் குழாயை லேசரால் சுட்டு அடைத்தால் என்ன? இதைப் பெரிய அளவில் சோதித்த அமெரிக்க ஆய்வின் முதல் முடிவு 1982ல் வந்தது. பதினெட்டு மாதத்தில் கடுமையான பார்வை இழப்பு, சிகிச்சை இல்லாத கண்களில் 60 சதவீதம், ஆர்கன் லேசர் வைத்த கண்களில் 25. பெரிய வெற்றிதான். ஆனால் அது குழாய் மாக்குலாவின் மையத்துக்கு வெளியே இருந்தவர்களுக்கு. மையத்திலேயே குழாய் இருந்தால், அதைச் சுடும்போது மேலே உள்ள பார்வைச் செல்களும் சேர்ந்து கருகும். சிகிச்சை முடிந்த கையோடு சார்ட்டில் மூன்று வரி குறையும், ஆனால் இரண்டு வருடம் கழித்து, சும்மா விட்டவர்களைவிட இவர்கள் நிலை மேல். இதை ஒரு நோயாளியிடம் எப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

சுடாமல் அடைக்கும் வழி வான்கூவரிலிருந்து வந்தது. ஜூலியா லெவி நோயெதிர்ப்பியல் ஆய்வாளர். கோடை வீட்டில் விளையாடிய பிள்ளைகளுக்குத் தோலில் தீக்காயம் போலக் கொப்புளம். ஏதோ செடியின் சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டதால் வந்தது. ஒளி பட்டால் மட்டும் விஷமாகும் மருந்துகள் மேல் அவருக்கு ஆர்வம் பிறந்தது அங்கேதான். முதலில் புற்றுநோய்க்கு முயன்றார். பிறகு அவருடைய அம்மாவுக்கே மாக்குலா சிதைவு வந்தது. வெர்டிபோர்ஃபின் என்ற மருந்தைக் கை நரம்பில் ஏற்றி, 689 நானோமீட்டர் சிவப்பு லேசரைக் கண்ணில் 83 விநாடி காட்டுவார்கள். சூடு கிடையாது, மருந்து தங்கிய குழாய் மட்டும் அடைபடும். ஐந்து நாள் வெயில் படக்கூடாது. 2000ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆறே வருடத்தில் ரானிபிஸுமாப் என்ற கண் ஊசி வந்து இதை ஓரங்கட்டியது. ஊசி போட்டவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் பார்வை நன்றாகவே கூடியது, ஒளி மருந்தில் அது அபூர்வம்.

உலர் வகைக்கு என்ன? இங்கேதான் எனக்குப் பிடித்த ஆய்வு வருகிறது. விழித்திரையில் தேங்கும் மஞ்சள் படிவுகளை லேசான லேசரால் தொட்டால் அவை மறையும் என்பது முன்பே தெரியும். படிவு போனால் பார்வை தப்பும், இல்லையா? 1,052 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு கண்ணில் லேசர், மறு கண் சும்மா. ஒரே ஆளுக்குள் ஏ/பி டெஸ்ட்! ஐந்து வருடம் கழித்து மூன்று வரிக்கு மேல் இழந்த கண்கள்: லேசர் வைத்தது 20.5 சதவீதம், வைக்காதது 20.5 சதவீதம். தசமம் வரை ஒன்றே. மறு கண்ணை எண்ணாமல் விட்டிருந்தால் இன்றும் ஊருக்கு ஊர் அந்த லேசரை வைத்துக்கொண்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

இதையெல்லாம் தேடவைத்தது பெரியம்மா மகன். பெரியம்மாவுக்கு உலர் வகை. "டேய், சிவப்பு லைட் காட்டினா சரியாகுதாமே, ஆன்லைன்ல டார்ச் விக்கிறான், வாங்கட்டுமா?" என்றார். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. 590, 660, 850 நானோமீட்டர் ஒளியை மென்மையாகக் காட்டும் ஒரு கருவிக்கு 2024 நவம்பரில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. அதன் முக்கிய ஆய்வில் 13 மாதத்தில் சார்ட்டில் 5.4 எழுத்து கூடியது. ஆனால் ஒப்புக்கு வைத்த போலிச் சிகிச்சையிலேயே 3 எழுத்து கூடியிருந்தது. மிச்சம் இரண்டரை எழுத்து, சார்ட்டில் அரை வரி. அதுவும் அளவு கட்டுப்படுத்திய கருவியில், மருத்துவர் கண்காணிப்பில். ஆன்லைன் டார்ச்சில் எத்தனை வாட், எந்த அலைநீளம் என்று யார் அளந்தார்கள்?

"வேண்டாம்ணே, கட்டம் போட்ட தாள் ஒண்ணு ஒட்டுங்க" என்றேன். ஆம்ஸ்லர் என்ற சுவிஸ் மருத்துவர் பெயரில் இருக்கும் கட்டம் அது. ஒரு கண்ணை மூடிப் பார்க்கும்போது கோடு நெளிந்தால், உலர் வகை ஈரமாக மாறியிருக்கலாம், அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும், ஊசி தாமதிக்கக்கூடாது. பெரியம்மா தினமும் காபி போடப் போகும்போது அதைப் பார்க்கிறார். இதுவரை கோடுகள் நேராகத்தான் இருக்கின்றன.