கல்லும் காணியும்: 1946இன் மாலுமிகளும் நம் அரசியல்வாதிகளும்

போரில் பட்ட வீரனுக்கு நடுகல் எடுத்த மரபினர் நாம் என்று மேடைகளில் அடிக்கடி பெருமை பேசப்படுகிறது. அப்பெருமை பொய்யன்று, நடுகல்லின் ஆறு நிலைகளைத் தொல்காப்பியப் புறத்திணையியல் முறையாக வகுத்துள்ளது. ஆனால் அம்மரபின் மறுபாதியை மேடைகள் சொல்வதில்லை. ஊருக்காக உயிர்விட்டவனின் குடும்பத்துக்கு நிலம் வழங்கப்பட்ட செய்தியை நடுகற்களும் பிற கல்வெட்டுகளும் தருகின்றன. உதிரப்பட்டி, நெய்த்தோர்ப்பட்டி, இரத்தக்காணி என்றெல்லாம் அந்நிலம் பெயர் பெற்றது. கல் புகழுக்கு, காணி சோற்றுக்கு. இரண்டும் சேர்ந்தால்தான் வீரனுக்குப் பட்ட கடன் தீரும் என்பதே அம்மரபு நமக்குக் கற்பிக்கும் பாடம் எனலாம்.

இந்த அளவுகோலைக் கொண்டு விடுதலைக்கால அரசியலை அளந்து பார்ப்பது பயனுடையது. அதற்கு 1945-46ஆம் ஆண்டுகளைவிடப் பொருத்தமான காலம் வேறில்லை.

1945 நவம்பர் 5 அன்று டெல்லி செங்கோட்டையில் இந்திய தேசிய இராணுவத்தின் ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் ஆகிய மூவர் மீதான விசாரணை தொடங்கியது. மலேயாத் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழர் பலரும் அப்படையில் சேர்ந்திருந்தனர் என்பதை வாசகர்கள் அறிவர். புலாபாய் தேசாய் வாதாடினார். பல்லாண்டுகளுக்குப் பின் நேருவும் வழக்கறிஞர் அங்கியை அணிந்து வந்தார். அது தேர்தல் காலம். வீரர்களின் விடுதலை என்னும் முழக்கம் காங்கிரஸ் மேடைகளை நிறைத்தது.

அந்த முழக்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களுள் கடற்படை மாலுமிகளும் உண்டு. 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயில் 'தல்வார்' பயிற்சித் தளத்து மாலுமிகள் வேலைநிறுத்தம் தொடங்கினர். கெட்டுப்போன உணவும் வெள்ளை அதிகாரிகளின் வசைமொழியும் உடனடிக் காரணங்கள். ஆனால் அவர்களுடைய கோரிக்கைப் பட்டியலில் இந்திய தேசிய இராணுவத்தாரை விடுவிக்க வேண்டும் என்பதும், இந்தோனேசியாவிலிருந்து இந்தியத் துருப்புகளைத் திரும்பப் பெற வேண்டும் என்பதும் இடம்பெற்றன. எழுபதுக்கும் மேற்பட்ட கப்பல்களிலும் இருபது கரைத்தளங்களிலுமாகச் சுமார் 20,000 பேர் இதில் இறங்கினர். மதராஸில் 'அடையாறு' என்று பெயர் தாங்கிய கடற்படைத் தளத்தாரும் அவர்களோடு சேர்ந்தனர். பம்பாய்த் தெருக்களில் மாலுமிகளுக்கு ஆதரவாகத் திரண்ட பொதுமக்களில் இருநூறுக்கும் மேற்பட்டோர் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர்.

தலைவர்கள் என்ன செய்தனர்? அருணா ஆசப் அலி போன்ற சிலர் துணை நின்றனர். சர்தார் பட்டேல் சரணடையுமாறு அறிவுரை கூறினார்; ஜின்னாவும் அவ்வாறே கூறினார். பழிவாங்கல் இருக்காது என்ற நம்பிக்கையில் பிப்ரவரி 23 அன்று மாலுமிகள் பணிந்தனர். அதன்பின்னும், பிப்ரவரி 25 அன்று, மதராஸில் அவர்களுக்காக வேலைநிறுத்தம் நடந்தது. தலைவர்கள் கைவிட்ட பின்பும் இந்நகரத்து உழைப்பாளிகள் கைவிடவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

பட்டேலின் வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. நாளை நம் கைக்கு வரவிருக்கும் படையின் கட்டுப்பாட்டை இன்றே குலைக்கலாமா என்று அவர் எண்ணினார். ஆட்சிப் பொறுப்பை ஏற்கவிருந்தவருக்கு இயல்பான கவலை அது. ஆனால், கட்டுப்பாட்டைக் காப்பது வேறு. வாக்கை நம்பிப் பணிந்தவர்களை வாழ்வின்றி விடுவது வேறு. நூற்றுக்கணக்கான மாலுமிகள் பணிநீக்கம் செய்யப்பட்டனர். 1947க்குப் பின்னர் இந்தியாவும் அவர்களைக் கடற்படையில் மீண்டும் சேர்க்கவில்லை, பாகிஸ்தானும் சேர்க்கவில்லை. 1948இல் நேரு அரசு இந்திய தேசிய இராணுவத்தாரையும் படையில் மீண்டும் ஏற்பதில்லை என முடிவு செய்தது. அங்கி அணிந்து வாதாடியவரின் அரசே அம்முடிவை எடுத்தது என்பதை வரலாறு மறைக்கவில்லை.

காணி எப்போது வந்தது? விடுதலையின் வெள்ளிவிழாவை ஒட்டி 1972 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய தியாகிகள் ஓய்வூதியத் திட்டத்தின் வழியாகத்தான் வந்தது. அதிலும் ஆண்டு வருமானம் 5,000 ரூபாய்க்கு மிகாதவர்க்கே உதவி என்னும் வரம்பு இருந்தது; 1980இல்தான் அது நீங்கியது. 1946இல் இருபது வயதாயிருந்த ஒருவர் அப்போது ஐம்பத்து நான்கு வயதைக் கண்டிருப்பார். பம்பாய்க் கொலாபாவில் மாலுமிகளுக்கு நினைவுச்சின்னம் எழுந்தது 2001இல். இவர்கள் திறத்தில் கல்லுங்கூடக் காணிக்குப் பின்தான் வந்தது.

இது கட்டுப்பாட்டை மீறியவர்களுக்கு மட்டும் நேர்ந்த கதி என்று கருதிவிட வேண்டாம். கட்டுப்பாடு காத்தவர்களின் கதையும் ஒருவாறு இதுவே. 1971 போரில் வென்ற படைக்கு, 1973இல் மூன்றாம் ஊதியக்குழுவை ஒட்டி, ஓய்வூதியத்தில் இருந்த தனிச்சலுகை போயிற்று. ஒரே பதவியில் ஒரே அளவு காலம் பணியாற்றியோர்க்கு ஒரே ஓய்வூதியம் என்னும் கோரிக்கை அதன்பின் நாற்பதாண்டுகள் தேர்தல் வாக்குறுதியாகவே வாழ்ந்தது. 2014 பிப்ரவரியில், தேர்தலின் வாயிலில், நிதியமைச்சர் ப. சிதம்பரம் அதற்கென 500 கோடி ரூபாய் ஒதுக்கினார். அதே வாக்குறுதியோடு வென்ற அடுத்த அரசின் காலத்தில் முதியவர்கள் டெல்லி ஜந்தர் மந்தரில் அமர்ந்து போராட நேர்ந்தது. 2015 ஆகஸ்ட் 14 அன்று, விடுதலை நாளின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, பதக்கம் அணிந்த அம்முதியவர்களைக் காவலர்கள் அவ்விடத்திலிருந்து இழுத்து அகற்ற முயன்றனர். அந்த ஆண்டு நவம்பரில்தான் ஆணை வந்தது.

சிப்பாய்க்கு ஓய்வூதியம் ஏன் உயிர்நாடி? அரசு ஊழியர் அறுபதை நெருங்கும்வரை பணியாற்றுகிறார். சிப்பாயோ முப்பதுகளின் இறுதியிலேயே, பிள்ளைகள் பள்ளியில் படிக்கும்போதே, வீடு திரும்பிவிடுகிறார். எண்ணூரிலிருந்து வள்ளூர் அனல்மின் நிலையம் வரையிலான எங்கள் தொழிற்பகுதியில், முன்னாள் படைவீரருக்குக் கிடைக்கும் வேலை பெரும்பாலும் வாயிற்காவல்தான். அவர்களுக்கெனத் தமிழக அரசு 1986இல் டெக்ஸ்கோ நிறுவனத்தைத் தொடங்கியது நன்று. எல்லையைக் காத்தவருக்குச் சுற்றுச்சுவரைக் காக்கும் பணியாவது அதனால் உறுதியாயிற்று.

2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டமோ பணிக்காலத்தை நான்காண்டுகளாகக் குறுக்கிற்று. நால்வரில் ஒருவருக்கு மேல் நிரந்தரப் பணியில் தொடர இடமில்லை. ஏனையோர்க்கு ஒருமுறை வழங்கப்படும் தொகை உண்டு, ஓய்வூதியம் இல்லை.

ஆண்டுதோறும் டிசம்பர் 7 அன்று கொடிநாள் நிதி திரட்டுகிறோம். அது மக்களின் அன்பு, போற்றத்தக்கது. ஆனால் உதிரப்பட்டி, இரந்து பெறும் பொருளாக இருந்ததில்லை. அது கல்லில் வெட்டித் தரப்பட்ட உரிமை. இதுவே நம் அரசியல்வாதிகள் நடுகல் மரபிலிருந்து இன்னும் படிக்காமல் விட்ட பக்கம்.