முடிச்சுக் கயிறு – 6: காணாமல் போன விதி

சென்ற வாரம் எகிப்தில் நிறுத்தியிருந்தோம். சுல்தான் அல்-காமிலைப் பார்த்துப் பேசிவிட்டு, அசிசியின் பிரான்சிஸ் உயிரோடு திரும்பிவிட்டார். எதிரியின் பாசறையில் வராத ஆபத்து, சொந்த சபையிலிருந்து கப்பலேறி வந்துகொண்டிருந்தது.

பிரான்சிஸ் சாப்பிட உட்கார்ந்திருந்தார். முன்னால் இறைச்சி. இத்தாலியிலிருந்து ஒரு சகோதரர், யாரிடமும் அனுமதி வாங்காமல் கடல் தாண்டி வந்து, புதிய சட்டங்களை நீட்டுகிறார். பிரான்சிஸ் தமக்குப் பதிலாக விட்டுவந்த மத்தேயுவும் கிரகோரியும் மூத்தவர்களைக் கூட்டிப் போட்ட சட்டங்கள் அவை. இனித் திங்கட்கிழமையும் நோன்பு. இறைச்சியைத் தேடிப் போகக் கூடாது. யாராவது தாமாகக் கொடுத்தால் உண்ணலாம்.

உடன் இருந்தவர் பியெத்ரோ கத்தானி, சட்டம் படித்தவர். அந்தப் படிப்புக்காகவே பிரான்சிஸ் அவரை ‘ஐயா’ என்று மரியாதையோடு அழைப்பார். இப்போது என்ன செய்வது என்று அவரிடம் கேட்டார். அதிகாரம் உங்களுடையது, உங்கள் விருப்பம் என்றார் பியெத்ரோ. அப்படியென்றால் நற்செய்தி சொல்வதுபோல, முன்னால் வைத்ததை உண்போம் என்று முடித்துவிட்டார் பிரான்சிஸ். இருவரும் சாப்பிட்டார்கள். ஜோர்டான் என்ற சகோதரர் முதுமையில், 1262-இல், சொல்லி எழுதவைத்த செய்தி இது.

நோன்பைக் கூட்டினால் என்ன கெட்டுப்போயிற்று? துறவிகள்தானே? கேட்கத் தோன்றும். ஆனால் 1209-இல் மூன்றாம் இன்னசென்ட் முன்னால் பிரான்சிஸ் வைத்தது சில நற்செய்தி வாக்கியங்கள் மட்டுமே. திருத்தந்தை வாய்மொழியாகச் சரி என்றார். முத்திரையிட்ட மடல் எதுவும் தரவில்லை. ஊர் ஊராகப் போவது, உழைப்பது, கிடைக்காவிட்டால் வாசலில் கையேந்துவது: இதுதான் வாழ்க்கை. கையேந்துகிறவனுக்கு இன்றைக்கு இது ஆகாது என்று சொல்ல ஏது வசதி? உணவைப் பொறுக்கி எடுக்கச் சமையலறை வேண்டும், சேமிப்பு அறை வேண்டும், அதற்கொரு கட்டடம் வேண்டும். அந்தத் திங்கட்கிழமை நோன்புக்குள் ஒரு மடாலயமே ஒளிந்திருந்தது. பக்தியின் பெயரால் வந்ததால் எதிர்ப்பதும் கடினம். பிரான்சிஸ் அதைச் சாப்பாட்டாலேயே எதிர்த்தார் என்பதுதான் எனக்குப் பிடித்தது.

1220-இல் அவர் இத்தாலி திரும்பினார். குழப்பத்தைத் தாமே அடக்க முயலவில்லை. நேரே திருத்தந்தை மூன்றாம் ஹொனோரியுஸிடம் போய்ச் சபைக்கு ஒரு காப்பாளரைக் கேட்டார். கர்தினால் உகோலினோ கிடைத்தார். அந்த ஆண்டு செப்டம்பர் 22-ஆம் தேதி திருத்தந்தையின் ஆணை வந்தது: சேர வருகிறவர் ஓராண்டு நவதுறவில் இருக்க வேண்டும், வார்த்தைப்பாடு கொடுத்தபின் வெளியேற முடியாது. வந்தவனை அன்றே சகோதரனாக்கிய காலம் போயிற்று. அதே இலையுதிர்காலத்தில் பிரான்சிஸ் தலைமையையும் துறந்தார். அவருடைய பதிலாளாகப் பொறுப்பேற்ற பியெத்ரோ அடுத்த மார்ச்சில் இறந்தார். அவருக்குப் பின் எலியாஸ். இந்தப் பெயரை மறந்துவிடாதீர்கள்.

1221, பெந்தெகோஸ்து. அசிசி அருகே போர்சியுங்குலாவில் சகோதரர்களின் மாபெரும் கூட்டம். மூவாயிரம் பேர் என்கிறார், அங்கேயே இருந்த ஜோர்டான். அந்த ஆண்டு சபைக்காக உருவான விதி நீளமானது. ஸ்பேயர் ஊர் சீசர் என்ற சகோதரர் அதை விவிலிய வசனங்களால் அலங்கரித்தார். பணத்தைக் கல்லுக்கு மேலாக மதிக்காதீர்கள் என்கிறது ஓரிடம். இன்னோர் இடத்தில் சட்டம் நின்றுபோய்ச் செபம் பொங்குகிறது. படித்தால் மனம் இளகும். ஆனால் அதை வைத்துக்கொண்டு ஆல்ப்ஸுக்கு அப்பால் இருக்கும் ஒரு மாநிலத் தலைவர் எப்படி நிர்வாகம் செய்வார்? ரோமின் முத்திரை அதற்குக் கிடைக்கவேயில்லை.

எனவே மறுபடியும் எழுத வேண்டியதாயிற்று. ரியேத்தி அருகே ஃபோன்டே கொலம்போ என்ற மலை. சகோதரர் லியோவையும் சட்டம் அறிந்த பொனிசோவையும் கூட்டிக்கொண்டு பிரான்சிஸ் ஏறினார். நோன்பிருந்து, செபித்து, சொல்லச் சொல்ல எழுதவைத்தார். இறங்கி வந்து பிரதியைத் தம் பதிலாளிடம் ஒப்படைத்தார். சில நாள் கழித்து வந்த பதில்: கவனக்குறைவால் தொலைந்துவிட்டது! பின்னாளில் இதை எழுதிவைத்த பொனவெந்தூர், சபையின் தலைவராகவே இருந்தவர். அந்தப் பதிலாளின் பெயரை அவர் சொல்லவில்லை. அப்போது பதிலாளாக இருந்தவர் எலியாஸ்.

உண்மையிலேயே தொலைந்ததா? பிரான்சிஸ் விசாரிக்கவில்லை, திரும்ப மலையேறினார். செய்தி மாநிலத் தலைவர்களுக்கு எட்டியது. இம்முறை இன்னும் கடுமையாக எழுதிவிடுவாரோ என்ற பயம். எலியாஸைப் போய்த் தடுக்கச் சொன்னார்கள். தனியாகப் போக அவருக்கே துணிவில்லை, எல்லோருமாகக் கிளம்பினார்கள்.

மலையில், இருக்குமிடத்திலிருந்து பிரான்சிஸ் வெளியே வந்தார். இவர்களுக்கெல்லாம் என்ன வேண்டுமாம்?

எலியாஸ் சொன்னார்: புதிய விதியை நீங்கள் உங்களுக்காக எழுதிக்கொள்ளுங்கள், எங்களுக்காக வேண்டாம் என்கிறார்கள். அதற்குக் கட்டுப்பட மாட்டார்களாம்.

பிரான்சிஸ் அவர்களுக்குப் பதில் சொல்லவில்லை. முகத்தை வானத்தை நோக்கித் திருப்பினார்.

(அடுத்த வாரம்: மலையில் கேட்ட குரல் யாருடையது?)