நெப்டியூனுக்குப் போட்ட இரண்டாவது ஊசி

1901-ஆம் ஆண்டு கோடையில் மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் கப்பல் அட்லாண்டிக் கடலில் போய்க்கொண்டிருந்தது. ஆட்சி செய்வதைவிடக் கடலை ஆராய்வதில்தான் இளவரசருக்கு ஆசை அதிகம். கப்பலிலேயே ஓர் ஆய்வுக்கூடம் வைத்திருந்தார். அந்தப் பயணத்தில் ஷார்ல் ரிஷே, போல் போர்ட்டியே என்ற இரண்டு பிரெஞ்சு உடலியங்கியல் அறிஞர்கள் அவருடைய விருந்தாளிகள். நீல நிறக் காற்றுப்பையுடன் அலைமேல் மிதக்கும் பைசாலியா என்ற சொறிமீன் வகை உயிரின் கொடுக்கிழை பட்டால் ஆள் வலியில் துடித்துப்போவான். அந்த விஷத்தில் அப்படி என்னதான் இருக்கிறது, பாருங்களேன் என்று இளவரசர் தூண்டிவிட, இருவரும் கப்பலிலேயே வேலையைத் தொடங்கிவிட்டார்கள்.

பாரிஸ் திரும்பியபின் பைசாலியாவுக்கு எங்கே போவது? பிரான்ஸ் கரையோரம் எளிதாகக் கிடைக்கும் கடல் சாமந்தியை எடுத்துக்கொண்டார்கள். அதன் உணர்கொம்புகளிலிருந்து விஷத்தை கிளிசரினில் இறக்கி நாய்களுக்கு ஊசி போட்டார்கள். அவர்கள் மனத்தில் இருந்தது அந்தக் காலத்து எல்லா மருத்துவர்களும் நம்பிய கணக்கு. விஷத்தைக் கொஞ்சமாகக் கொடுத்தால் உடம்பு பழகிக்கொள்ளும், அடுத்த முறை தாங்கும். ஜென்னரின் அம்மைப்பாலும் பாஸ்டரின் வெறிநாய்க்கடி மருந்தும் அந்தக் கணக்கில் வெற்றி பெற்றவை. சுருக்கமாகச் சொன்னால், ரிஷே தம் நாய்களுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தார்.

அவற்றில் ஒன்றின் பெயர் நெப்டியூன். திடகாத்திரமான நாய் என்று ரிஷே எழுதிவைத்திருக்கிறார். எடையில் ஒரு கிலோவுக்கு 0.1 மில்லி என்ற அளவில் முதல் ஊசி போட்டார்கள். நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. 22 நாள் கழித்து, அது முழு நலத்துடன் இருந்தபோது, அதே மருந்தை அதே அளவில் மறுபடி போட்டார்கள். சில விநாடிகளிலேயே மூச்சு இரைத்தது. நடக்க முடியாமல் உடம்பை இழுத்துக்கொண்டு போய் ஒருக்களித்துச் சாய்ந்தது. பேதி, அதன்பின் ரத்த வாந்தி. 25 நிமிடத்தில் உயிர் போய்விட்டது.

மருந்து கெட்டுப்போயிருக்கும், அளவு தப்பியிருக்கும் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருக்கலாம். பிரெஞ்சுக்காரரான மஜாந்தி 1839-இலேயே முட்டையின் வெள்ளைக்கருவைத் திரும்பத் திரும்ப ஊசியில் ஏற்றி விலங்குகள் சாவதைப் பார்த்தவர். அது அன்று பெரிதாக யாரையும் உறுத்தவில்லை. ரிஷே திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். முதல் ஊசிக்கும் இரண்டாவதற்கும் நடுவே வாரக்கணக்கில் இடைவெளி இருந்தால்தான் இந்த விபரீதம் நேர்கிறது என்பது தெளிவானது. முதல் மருந்து உடம்பை ஏதோ ஒரு வகையில் மாற்றிவைக்கிறது, அந்த மாற்றம் முதிர நாளாகிறது. 1902 பிப்ரவரியில் இருவரும் இதை ‘அனஃபிலாக்சிஸ்’ என்ற புதுப் பெயரோடு பாரிஸ் உயிரியல் கழகத்தில் அறிவித்தார்கள். 1913-இல் ரிஷேவுக்கு நோபல் பரிசு. போர்ட்டியேக்கு அதில் பங்கு கிடைக்கவில்லை. ரிஷே ஆவியுலக ஆராய்ச்சியிலும் இறங்கியவர், 1907-இல் பிரெகே சகோதரர்கள் செய்த ஆரம்பகால ஹெலிகாப்டருக்கும் கை கொடுத்தவர். எதைக் கண்டாலும் ‘ஏன்’ என்று நின்றுவிடும் இந்தச் சுபாவம்தான் நெப்டியூன் விஷயத்திலும் உதவியிருக்க வேண்டும்.

இன்று நாய்க்குத் தடுப்பூசி போட்டுவிட்டு வரும் குடும்பங்களில் ஆயிரத்தில் சிலருக்கு அந்தக் காட்சியின் சிறிய வடிவம் ஒன்றைப் பார்க்க நேர்கிறது. பெரும்பாலும் முகம் வீங்கும். கண்ணிமையும் மூக்கோரமும் உப்பும், உடம்பெங்கும் தடிப்பு ஏறும், நாய் ஓயாமல் சொறிந்துகொள்ளும். அதைவிடக் கடுமையானால் வாந்தி, பேதி, ஈறு வெளுத்துப்போதல், மயக்கம். மனிதருக்குத் தொண்டை அடைத்து மூச்சு முட்டுவதைக் கேள்விப்பட்டவர்கள், நாய் வாந்தி எடுத்தால் வயிற்றுக் கோளாறு என்று இருந்துவிடுவதுண்டு. அது ஆபத்து. இந்த அதிர்ச்சியில் கினிப்பன்றிக்கு முதலில் அடி விழுவது நுரையீரலில். நாய்க்குக் கல்லீரலிலும் குடலிலும். கல்லீரலைவிட்டு ரத்தம் வெளியேறும் நாளங்கள் இறுகிவிடுவதால் வயிற்றுப் பகுதியில் ரத்தம் தேங்கி, ரத்த அழுத்தம் சரிகிறது. நெப்டியூனின் பேதிக்கும் ரத்த வாந்திக்கும் இதுதான் காரணம். ஊசிக்கு மறுநாள் நாய் சோர்ந்து படுத்திருப்பதும், லேசான காய்ச்சலும், ஊசி போட்ட இடத்தில் சிறு கட்டியும் வேறு கதை. உடம்பு தன் வேலையைச் செய்கிறது என்பதற்கு அவை அடையாளம், பொதுவாக ஓரிரு நாளில் நாய் தெளிந்துவிடும்.

உடம்புக்குள் அந்த ஒவ்வாமைக் கலவரத்தை உண்டாக்குவது எது என்ற கேள்விக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு துப்புக் கிடைத்தது. 1910-இல் ஹென்றி டேல், பேட்ரிக் லெய்ட்லா என்ற இருவர் ஹிஸ்டமின் என்ற சிறிய வேதிப்பொருளை விலங்குகளுக்கு ஏற்றிப் பார்த்து, அதன் விளைவு ரிஷே விவரித்த அதிர்ச்சியைப் போலவே இருப்பதாக எழுதினார்கள். இன்று நாய்க்கு முகம் வீங்கியதும் மருத்துவர் எடுக்கும் ஆன்டிஹிஸ்டமின் மருந்துகளின் வேர் இந்த ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. 1937-இல் பாரிஸில் டேனியல் போவே முதல் ஆன்டிஹிஸ்டமினைக் கண்டுபிடித்தார்.

லெய்ட்லாவின் கதை அங்கே முடியவில்லை. ஊசியால் வரும் அதிர்ச்சியை ஆராய்ந்த அதே மனிதர், பல ஆண்டு கழித்து நாய்களுக்கான தடுப்பூசி தயாரிக்க உட்கார்ந்தார்.

நாய் வளர்ப்பவர்கள் இன்றும் அஞ்சும் டிஸ்டெம்பர் நோய் அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் குட்டிகளைக் கூட்டங்கூட்டமாக வாரிக்கொண்டு போனது. ஜென்னர் 1809-இலேயே அதை விவரித்து எழுதினார். 1905-இல் ஆன்ரி கரே அது வைரஸால் வருவது என்று காட்டினார், பலர் நம்பவில்லை. இங்கிலாந்தில் நரிவேட்டைக்காரர்களின் நாய்ப்பட்டிகள் காலியாகத் தொடங்கியதும்தான் பணம் இறங்கியது. ‘தி ஃபீல்டு’ என்ற வேட்டை இதழ் 1923-இல் ஒரு நிதியைத் தொடங்கியது. லண்டன் மில் ஹில் பண்ணையில் லெய்ட்லாவும் கால்நடை மருத்துவர் டங்கினும் வேலையை ஏற்றார்கள். நோய் தீண்டாத நாய்களை அங்கேயே பிறக்கவைத்து வளர்க்க வேண்டியிருந்தது. பணியாளர்கள் குளித்து உடை மாற்றிக்கொண்டுதான் உள்ளே போகலாம். நாய்களைக் காப்பாற்ற நாய்ப் பிரியர்கள் கொடுத்த காசில் நாய்களை நோயாக்கிச் சாகவைப்பதா என்று எதிர்ப்பாளர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஃபெரட் என்ற கீரி போன்ற பிராணிக்கும் இந்த நோய் தொற்றும் என்று தெரிந்ததால் பாதிப் பாரம் அதன் தலையில் விழுந்தது.

1928 வாக்கில் வழி பிறந்தது. நோயுற்ற நாயின் மண்ணீரலை அரைத்து, ஃபார்மலினில் கிருமியைக் கொன்று, முதல் ஊசி. சில நாள் கழித்து உயிருள்ள வைரஸே இரண்டாவது ஊசி. கைதேர்ந்தவர்கள் போட்டால் நன்றாக வேலை செய்தது. ஆனால் முதல் ஊசி சரியாகப் பிடிக்காத நாய்க்கு இரண்டாவது ஊசி நோயாகவே முடியலாம். பிற்பாடு எதிர்ப்புச் சீரத்தையும் வைரஸையும் சேர்த்துக் கொடுக்கும் முறை வந்தது. மில் ஹில்லில் ஃபெரட்டுகளோடு பழகிய அனுபவத்தில்தான் 1933-இல் லெய்ட்லாவும் சகாக்களும் மனிதரின் இன்ஃபுளூயன்சா வைரஸை முதன்முதலில் பிரித்தெடுத்தார்கள். நாய்க்குத் திரட்டிய நிதியில் மனிதருக்கும் பலன்.

நாயோடு தொடர்புடைய இன்னொரு ஊசியான வெறிநாய்க்கடி மருந்தின் கதையில் நம் நீலகிரிக்கும் இடமுண்டு. 1902-இல் ஓர் ஆங்கிலேய இளம்பெண் நாய்க்கடியால் இறந்தாள். அன்று சிகிச்சை வேண்டுமானால் இமயமலை அடிவாரத்துக் கசௌலிக்கு ரயிலேற வேண்டும். அந்த மரணம் கிளப்பிய பேச்சும், அமெரிக்கச் செல்வந்தர் ஹென்றி ஃபிப்ஸ் வைஸ்ராய் கர்சனிடம் கொடுத்த நன்கொடையும் சேர்ந்து, 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் எழுந்தது. கசௌலியில் டேவிட் செம்பிள் 1911-இல் புதுமுறை ஒன்றை வகுத்தார். வெறிநோய் ஏற்றிய விலங்கின் மூளையை ஃபீனாலில் பதப்படுத்தி ஊசியாக்குவது; பிற்பாடு ஆட்டுமூளையே வழக்கமானது. ‘தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி’ என்று நம் பாட்டிமார் பயமுறுத்தியது இதைத்தான்.

ஏராளமான உயிர்களைக் காத்த மருந்து அது. கூடவே, எத்தனையோ ஆயிரம் பேரில் ஒருவருக்குக் கை கால் விழுந்தது, மூளைக்காய்ச்சல் வந்தது. வெறிநோய்க் கிருமிதான் தப்பிவிட்டதோ என்று முதலில் சந்தேகித்தார்கள். 1930-களில் தாமஸ் ரிவர்ஸ் கிருமியே இல்லாத முயல் மூளையைக் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்ப ஏற்றியபோதும் அதே மாதிரி நரம்புச் சிதைவு வந்தது. மூளைத்திசுவிலிருக்கும் மயலின் என்ற நரம்புறையை உடம்பு பகையாகப் பார்த்து, தன் நரம்பையே தாக்குகிறது. ஜப்பானில் உமெனோவும் டோயியும் 1921-இல் நாய்களுக்கென்று ஒரே ஊசியில் முடியும் மருந்து செய்ததும் மூளைத்திசுவிலிருந்துதான்; அந்த வகை மருந்துகளால் நாய்களுக்கும் பக்கவாதம் வந்ததுண்டு. 1955-இல் சிலி நாட்டினர் மயலின் இன்னும் உருவாகாத எலிக்குஞ்சின் மூளைக்கு மாறினார்கள். இந்தியா ஆட்டுமூளை மருந்தை நிறுத்த 2004 முடிய வேண்டியிருந்தது. இவ்வளவு தாமதத்துக்கு விலைதான் காரணம் என்றாலும், மன்னிக்கக் கடினமான தாமதம்.

மூளையை விட்டால் முட்டை. கோப்ரோவ்ஸ்கியும் காக்ஸும் 1948-இல் ‘ஃப்ளூரி’ வெறிநோய் வைரஸைக் கோழிக்கருவில் வளர்த்து வலுவிழக்கச் செய்தார்கள். உயிருள்ள அந்த மருந்து வளர்ந்த நாய்களுக்கு ஒத்துப்போனது. மூன்று மாதத்துக்குட்பட்ட குட்டிகளுக்கும் பூனைகளுக்கும் ஆபத்தாக முடிந்தது. தடுக்க வேண்டிய வெறிநோயை ஊசியே கொடுத்த சம்பவங்கள் பதிவாகியுள்ளன. இன்று நாய்களுக்குப் போடும் வெறிநாய்க்கடி மருந்தில் இருப்பது பெரும்பாலும் ஆய்வுக்கூடச் செல்களில் வளர்த்துக் கொன்ற வைரஸ். நாய்களின் ஈரல் அழற்சிக்கான பழைய உயிர்மருந்து சில நாய்களின் கண்ணை நீலம் பூக்கச் செய்தது, ஆஃப்கன் ஹவுண்டுகளுக்கு அதிகமாக. நெருங்கிய உறவுடைய இன்னொரு வைரஸை மாற்றிப் போட்டதும் அந்தத் தொல்லை தீர்ந்தது.

பெரிய தவறுகள் இப்படி ஒவ்வொன்றாகக் களையப்பட்டபின் மிஞ்சியது நெப்டியூனின் நோய்தான். 1966-இல் இஷிசாகா தம்பதி அதற்குப் பின்னாலிருக்கும் ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்புப் புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். நாய்களின் உடம்பில் அது எதை எதிர்க்கிறது என்று 2000-க்குப் பிறகு ஜப்பானிய ஆய்வாளர்கள் தேடினார்கள். கிடைத்த விடை விசித்திரமானது. ஒவ்வாமை கண்ட பல நாய்களுக்கு வைரஸோடு பகையில்லை. வைரஸை வளர்க்கப் பயன்பட்ட கன்றுக்குட்டிச் சீரம், மருந்து கெடாமலிருக்கச் சேர்த்த ஜெலட்டின், பால்புரதம் ஆகியவற்றின் மிச்சத்தோடுதான் பகை. 1990-களில் அதே நாட்டில் குழந்தைகளின் தடுப்பூசியிலும் ஜெலட்டின் இதே வேலையைக் காட்டியிருந்தது.

எந்த நாய்க்கு வரும் என்பதற்கு 2005-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு நல்ல வெளிச்சம் தந்தது. 12 லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களின் பதிவேடுகளைப் புரட்டியதில், ஊசி போட்ட மூன்று நாளுக்குள் 4,678 நாய்களுக்கு ஒவ்வாமையோ வேறு பக்கவிளைவோ வந்திருந்தது. 10,000 நாய்க்கு 38 என்ற கணக்கு. குட்டை இனங்களுக்கே அடி அதிகம்: டாஷ்ஹுண்ட், பக், பாஸ்டன் டெரியர், சிவாவா. ஒரே நாளில் கூடுதலாகப் போடும் ஒவ்வொரு ஊசியும், 10 கிலோவுக்குக் கீழான நாய்க்கு அபாயத்தை 27 சதவீதம் கூட்டியது. இரண்டு கிலோ சிவாவாவுக்கும் அறுபது கிலோ கிரேட் டேனுக்கும் அதே ஒரு குப்பிதான். எதிர்ப்புச் சக்தியைக் கிளப்பக் குறைந்தபட்சம் இவ்வளவு மருந்து வேண்டும் என்றுதான் குப்பியின் அளவு தீர்மானமாகிறது, எடைக்கு ஏற்ப அல்ல. அதனால் அளவைப் பாதியாக்கிப் போடுவதை மருத்துவர்கள் ஒப்புவதில்லை; சின்ன நாய்க்கு ஊசிகளைச் சில வாரம் தள்ளித் தனித்தனியாகப் போடுகிறார்கள்.

ஒருமுறை முகம் வீங்கிய நாயின் அட்டையில் மருந்தின் பெயர், தொகுதி எண், எத்தனை நிமிடத்தில் என்ன ஆனது என்பதெல்லாம் எழுதப்படுகிறது. அடுத்த முறை வேறு நிறுவனத்தின் மருந்து, ஒரு ஊசி மட்டும், போட்டபின் அரை மணி நேரமாவது மருத்துவமனையிலேயே காத்திருப்பு. மயங்கி விழுந்தால் முதலில் ஏற்றுவது அட்ரினலின். ரிஷே கப்பலேறிய அதே 1901-இல் நியூயார்க்கில் தக்காமினே ஜோகிச்சி அதைப் படிகமாகப் பிரித்தெடுத்ததை அறிவித்திருந்தார். டிஸ்டெம்பர், பார்வோ வைரஸ் ஊசிகளின் காப்பு ஆண்டுக்கணக்கில் நிற்கும் என்று விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் ஷுல்ட்ஸ் போன்றவர்கள் சொல்லிவந்ததை ஏற்று, அமெரிக்க விலங்கு மருத்துவமனைச் சங்கம் 2003-இல் வளர்ந்த நாய்க்கு அவற்றை மூன்றாண்டுக்கு ஒருமுறை போட்டால் போதும் என்றது. நடுவில் ரத்தத்தைச் சோதித்து எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும் வழியுண்டு. எலிக்காய்ச்சல் ஊசிக்கு இந்தச் சலுகை கிடையாது, அதன் காப்பு ஓராண்டைத் தாண்டுமென்று நம்ப முடியாது. வெறிநாய்க்கடி இன்னும் ஒழியாத நம் ஊரில் அந்த ஊசியைத் தள்ளிப்போடும் பேச்சையே கால்நடை மருத்துவர்கள் எடுப்பதில்லை. ஒவ்வாமை கண்ட நாயையும் அதற்காக வரச்சொல்லி, அட்ரினலினை எடுத்துவைத்துக்கொண்டு போடுகிறார்கள்.