‘றறற’: எழுத்துரு மாற்றத்தில் திரிந்த இணைய முகவரிகளும் அவற்றைக் கண்டெடுக்கும் நெறியும்

ஆய்வுச் சுருக்கம்

பாமினி முதலிய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பெற்ற தமிழ் ஆய்வேடுகளை ஒருங்குறிக்கு மாற்றும்போது அவற்றிலுள்ள இணைய முகவரிகளும் தமிழ் எழுத்துகளாகத் திரிந்துவிடுகின்றன. உரையிலிருந்து முகவரிகளைப் பிரித்தெடுக்கும் நிரல் நூலகங்கள் இவற்றைக் காண்பதில்லை. இத்திரிபின் வரலாற்றுக் காரணத்தையும் மீட்கும் வழியையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பாமினி, ஒருங்குறி, இணைய முகவரி, சுருங்குறித்தொடர், மொழிமுதல் எழுத்து.

சிக்கலின் தோற்றம்

இக்கட்டுரையாளரின் ஆய்வேடு வடசேரிப் பேருந்து நிலையத்தை அடுத்திருந்த ஒரு டி.டி.பி. கடையில் பாமினி எழுத்துருவில் உருவானது. பல ஆண்டுகள் கழித்து அதன் கோப்பிலிருந்து எழுத்துகளை மட்டும் எடுத்து ஒருங்குறிக்கு மாற்றியபோது, துணைநூற்பட்டியலின் இறுதிப் பக்கத்தில் ‘றறற’ என்று தொடங்கி ‘உழஅ’ என்று முடியும் வரிகள் காணப்பட்டன. முதற்பார்வையில் அவை அச்சுப்பிழை போன்றே தோன்றின. மூன்று ‘டபிள்யூ’க்களும் ‘காம்’ என்னும் ஈறுமே அவை என்பது தெளியச் சற்றுநேரமாயிற்று.

இஃது ஓர் ஆய்வேட்டின் குறை மட்டுமன்று. தமிழ் இணையத்தின் தொடக்ககாலப் பக்கங்கள் பல இன்று இல்லை. தமிழர் பலர் இலவசமாகப் பக்கம் அமைத்துக்கொண்ட ஜியோசிட்டீஸ் 2009-இல் மூடப்பட்டது. இண்டர்நெட் ஆர்க்கைவ் 1996 முதல் சேமித்த பக்கங்களை 2001-இல் வேபேக் மெஷின் வழியாகப் பொதுப்பார்வைக்குத் திறந்தது. ஆயினும் அச்சேமிப்பினுள் நுழைவதற்கு அடிப்படையான திறவுகோல் முகவரியே. பழைய ஆய்வேடுகளின் துணைநூற்பட்டியல்களில் அத்தகைய முகவரிகள் ஆங்காங்கே உறைந்துகிடக்கின்றன. தமிழ் இணைய வரலாற்றை எழுதப்புகுவோர்க்கு அவை முதன்மைச் சான்றுகள்.

ஈயம் செய்யாத பிழை

நாகர்கோவிலில் இலண்டன் மிஷன் அச்சகம் 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியிலேயே இயங்கியது. ஈய எழுத்துகளைக் கோத்த அக்காலத்தில் உரோமன் எழுத்தும் தமிழ் எழுத்தும் வெவ்வேறு பொருள்கள். ஒன்று மற்றொன்றாக மாற வழியில்லை. கணினியில் நிலைமை வேறாயிற்று. பாமினியில் தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய குறியெண்களிலேயே அமர்த்தப்பட்டன. ஆங்கில ‘ஜே’யின் இடத்தில் தகரமும் ‘கே’யின் இடத்தில் மகரமும் ‘டபிள்யூ’வின் இடத்தில் றகரமும் அமைந்தன. எனவே கோப்பில் சேமிக்கப்படுவது இரண்டுக்கும் ஒரே எண்ணாகும். இது தமிழ், இது ஆங்கிலம் என்னும் வேறுபாடு அந்த எண்ணில் இல்லை. எழுத்துருவின் பெயரில் மட்டுமே உள்ளது.

இதற்கு மாற்றான வழி அப்போதே இருந்தது. புலம்பெயர் தமிழ்க் கணிஞர்கள் மின்னஞ்சல்வழிக் கலந்தாய்ந்து வடிவமைத்த திஸ்கி, முதல் 128 இடங்களை ஆங்கிலத்திற்கே விட்டுவிட்டுத் தமிழை மேற்பாதியில் வைத்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இக்குறியேற்றத்தைக் கைக்கொண்டது. திஸ்கி உரையில் முகவரி திரிவதில்லை. இதன் பயன் அக்காலத்தில் பலருக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. அச்சிட்ட தாளில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தன அல்லவா?

தமிழக அரசு 2010-இல் ஒருங்குறியை ஏற்றபின் மாற்றிகளின் தேவை பெருகியது. எழுத்துருச் செய்தியை நீக்கி வெற்றுரையாக எடுத்த கோப்பை மாற்றியிலிட்டால், அது முகவரியையும் தமிழென்றே கொள்கிறது. ‘ஆர்க்’ என்னும் ஈறு ‘ழசப’ ஆகிறது, ‘நெட்’ என்பது ‘நெவ’ ஆகிறது, சாய்கோடு ஆய்தமாகிறது. தமிழ் வலைப்பதிவுகள் பலவற்றின் இருப்பிடமான பிளாக்ஸ்பாட், ‘டிடழபளிழவ’ என்னும் உருக்கொள்கிறது.

கண்டெடுக்கும் கருவிகளின் எடுகோள்

வெற்றுரையில் முகவரி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது இணையத்தின் தொடக்கத்திலேயே எழுந்த வினா. 1994 டிசம்பரில் வெளியான ஆர்.எஃப்.சி. 1738 என்னும் வரையறை, உரையினுள் முகவரியை எழுதும்போது கோண அடைப்புக்குறிக்குள் இடுமாறு தன் பிற்சேர்க்கையில் பரிந்துரைத்தது. 2005-இல் வந்த ஆர்.எஃப்.சி. 3986 மேற்கோள் குறி, கோண அடைப்பு, வெற்றிடம் ஆகியவற்றை எல்லைகளாகக் கூறியது. எழுதுவோர் இதனைப் பெரும்பாலும் பின்பற்றவில்லை. ஆகவே எல்லையை ஊகிக்கும் பணி நிரலுக்கு வந்துசேர்ந்தது. 2009-இல் ஜான் குரூபர் வெளியிட்ட சுருங்குறித்தொடர் பரவலாக எடுத்தாளப்பட்டது. முகவரியின் ஈற்றில் ஒட்டிநிற்கும் முற்றுப்புள்ளியையும் அடைப்புக்குறியையும் எவ்வாறு விலக்குவது என்பதே அதன் முதன்மைக் கவலை.

இக்கருவிகள் பலவற்றின் எடுகோள், முகவரியின் எழுத்துகள் உரோமன் என்பதே. ஜாவாஸ்கிரிப்டில் ‘சொல்லெழுத்து’ என்னும் குறி வழக்கமாகச் சுட்டுவது 63 குறிகளை மட்டுமே. பைத்தானின் இயல்பான நூலகம் தமிழை ஏற்கிறது, ஆனால் அரைகுறையாக: உயிர்மெய்யின் துணைக்குறிகளும் புள்ளியும் அதற்குச் சொல்லெழுத்துகள் அல்ல. ‘தமிழ்’ என்னும் சொல் அதன் கையில் ‘தம’, ‘ழ’ என இரண்டாக உடைகிறது. ஒருங்குறிக் கழகத்தின் வரையறைக்கு இது முரண் என்று 2011-இல் டாம் கிறிஸ்டியான்சன் முறையிட்டார். மேத்யூ பார்னெட் உருவாக்கிய ‘ரெஜெக்ஸ்’ என்னும் மாற்று நூலகம் துணைக்குறிகளையும் சொல்லெழுத்தாகக் கொள்கிறது. தமிழுரையோடு பணிபுரிவோர்க்கு அதுவே உகந்தது.

மாற்றத்திற்கு முன்பே தேடுதல்

மாற்றப்படாத பாமினிக் கோப்பு கிட்டுமாயின் வேலை எளிது. அதில் முகவரி உரோமன் எழுத்தாகவே இருப்பதால் நூலகம் அதனைக் கண்டுகொள்ளும். கண்டவற்றை முதலில் தனியே எடுத்துவைத்து, அவற்றின் இடத்தில் எண் அடையாளமிட்டு, எஞ்சிய உரையை மட்டும் மாற்றிக்கு அளிக்கவேண்டும். வரிசை மாறினால் சான்று சிதையும்.

ஆனால் இங்கும் ஒரு வேடிக்கை உண்டு. ‘எச்.டி.டி.பி.’ இன்றி எழுதப்பட்ட முகவரிகளையும் தேடுமாறு நூலகத்தைப் பணித்தால், அது ‘கி.பி.’ என்பதை முகவரியாகக் கொள்ளும். பாமினியில் ‘கி’ என்பது ‘எஃப்’, ‘பி’ எனவும், ‘பி’ என்பது ‘ஜி’, ‘பி’ எனவும் சேமிக்கப்படுகிறது; ‘ஜி.பி.’ கரீபியக் கடலிலுள்ள குவாடலூப்பின் நாட்டுக்குறி. ஒரு கல்வெட்டு ஆய்வேட்டில் கி.பி. நூறுமுறை வந்தால், சோழர் வரலாறு நூறுமுறை குவாடலூப்பிற்குச் சென்றுவரும். கி.மு.வுக்கு இத்தொல்லை இல்லை.

இலக்கணம் என்னும் சல்லடை

மூலக்கோப்பு அழிந்து, மாற்றப்பட்ட உரை மட்டும் எஞ்சியிருக்கும் நிலையே கடினமானது. இங்கு நூலகங்கள் உதவா. தமிழ் இலக்கணம் உதவுகிறது. தொல்காப்பிய மொழிமரபின்படி றகரமும் ழகரமும் மொழிக்கு முதலாகா. ஆகவே ‘றறற’ எனத் தொடங்குவதும், புள்ளியை அடுத்து ‘ழசப’ என வருவதும் தமிழ்ச்சொல் ஆகமாட்டா. ‘உழஅ’ என்பதில் உயிரெழுத்து சொல்லின் ஈற்றில் தனித்து நிற்கிறது. அளபெடையில் அவ்வாறு வரலாமெனின், அங்கு முன்னிற்பது நெடில், இங்கோ குறில். எனவே அதுவும் விலகும். ‘நெவ’ ஒன்றே ஐயத்திற்கு இடம் தருவது. அதனைப் புள்ளியின் அருகாமை கொண்டே துணியவேண்டும்.

கண்டவற்றைத் திருப்பி எழுதுவது பெரும்பாலும் எழுத்துக்கு எழுத்து நேராக அமைகிறது. ஓரிடத்தில் மயக்கம் உண்டு. பாமினியில் ‘டி’ ஒற்றை விசையாகவும் (ஆங்கில ‘பி’, இரண்டாம் எழுத்து), டகரமும் இகரக்குறியுமாக இரு விசைகளாகவும் அமையும். ஒருங்குறியில் இரண்டும் ஒன்றே. ஆகவே ‘ஹெல்ப்’ என்னும் சொல்லைக் கொண்ட முகவரி ‘ஹெப்’ என மீளக்கூடும். ஒவ்வொரு ‘டி’க்கும் இரு வடிவங்களையும் எழுதி, வேபேக் மெஷினில் எது கிட்டுகிறது என்று பார்ப்பதே இப்போதைக்குப் பாதுகாப்பான வழி. மூன்று ‘டி’ வந்தால் எட்டு வடிவங்கள், அது பெருஞ்சுமையன்று.

தமிழ் முகவரிகளின் வருகை

2010, 2011 ஆண்டுகளை ஒட்டி .இலங்கை, .சிங்கப்பூர், .இந்தியா ஆகிய தமிழ் ஈறுகள் வந்தபின் சிக்கல் தலைகீழாயிற்று. இப்போது முகவரியே தமிழ்; அதனைத் தொடரும் வேற்றுமை உருபும் தமிழ். தமிழ் விக்கிப்பீடியா முகவரியின் பின் ‘-இல்’ என்று இணைத்தெழுதினால், இடைக்கோடும் முகவரியில் வரத்தக்கதே ஆதலால், தமிழறிந்த நூலகம் உருபையும் சேர்த்து விழுங்குகிறது. தமிழறியாத நூலகமோ முகவரியைப் பாதியில் முறிக்கிறது. விழுக்காட்டுக் குறியேற்றத்தில் எழுதினால் முறியாது. ஆயின் ‘தமிழ்’ என்னும் ஐந்து குறியெண்கள் 45 எழுத்துகளாக நீண்டு, அச்சுப்பக்கத்தில் வரி மடிந்து உடையும். முகவரியை அடுத்து ஒரு வெற்றிடம் விட்டு, ‘என்னும் தளத்தில்’ என உருபைத் தனிச்சொல்லில் ஏற்றி எழுதும் வழக்கத்தை ஆய்வேட்டு நெறியாளர்கள் இனியேனும் மாணவரிடம் வலியுறுத்தலாம்; பாமினிக் கோப்பையும் மாற்றியபின் அழிக்கவேண்டாம் எனலாம்.