கையெழுத்துப் பிரதியைச் சுமந்தவர்

என்னுடன் தொழிற்சாலையில் இரவு வேலை செய்யும் இளைஞர் ஒருவர் அண்மையில் தமது சிறுகதையொன்றைப் படிக்கத் தந்தார். ஊரில் விரிவுரையாளனாக இருந்த பழக்கதோஷத்தில், "நல்ல முயற்சி, தொடர்ந்து எழுதும்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். உண்மையில் நான் கதையை முழுவதும் படித்திருக்கவில்லை. அந்த உறுத்தலே இக்கட்டுரைக்குக் காரணம்.

ருஷ்ய எழுத்தாளர் திமித்ரி கிரிகோரோவிச்சின் நாவல்களை இன்று படிப்போர் குறைவு. ஆயினும் இருவரை ஊக்குவித்தவர் என்ற வகையில் அவர் நினைக்கப்பட வேண்டியவர். 1845இல் பீற்றர்ஸ்பேர்க்கில் தஸ்தயேவ்ஸ்கியுடன் ஒரே வீட்டில் குடியிருந்தார். தஸ்தயேவ்ஸ்கியின் முதல் நாவலான 'ஏழை மக்க'ளின் கையெழுத்துப் பிரதியைக் கவிஞர் நெக்ராசோவிடம் கொண்டுசென்றவர் அவரே. பத்துப் பக்கம் பார்க்கலாமென்று தொடங்கிய இருவரும் இரவிரவாக முழுவதையும் படித்தனர். அதிகாலை நாலு மணியளவில் தஸ்தயேவ்ஸ்கியிடமே போய்ப் பாராட்டினர். 1846இல் நாவல் அச்சேறியது.

நாற்பது ஆண்டுகளின் பின், 1886 மார்ச்சில், அவர் அன்ரன் செக்கோவுக்கு ஒரு கடிதம் எழுதினார். அவருக்கு வயது 64, செக்கோவுக்கு 26. செக்கோவ் மருத்துவர், மாணவப் பருவத்திலிருந்தே புனைபெயரில் நகைச்சுவைக் கதைகள் எழுதிக் குடும்பத்தைத் தாங்கியவர். கிரிகோரோவிச் மனந்திறந்து பாராட்டினார், பாராட்டோடு நிற்கவில்லை. உமது திறமையை நீரே மதியும், அவசர எழுத்தை விடும், வருமானம் குறைந்தால் பட்டினி கிடந்தாலும் பரவாயில்லை என்றார். எந்தக் கதைக்கும் ஒரு நாளுக்கு மேல் செலவிட்டதாகத் தமக்கு நினைவில்லை என்று செக்கோவ் பதிலில் ஒப்புக்கொண்டார்.

பட்டினி பற்றிய அறிவுரை எனக்கு உடன்பாடல்ல. ஊருக்குக் காசு அனுப்பவேண்டிய நம்மவரிடம் அதைச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. செக்கோவும் அதை அப்படியே ஏற்கவில்லை, மருத்துவத்தைக் கைவிடவில்லை. ஆனால் கதைகளின் எண்ணிக்கையைக் குறைத்தார். 1888இல் வெளியான 'ஸ்தெப்பி' என்ற நெடுங்கதைக்கு ஏறத்தாழ ஒரு மாதம் செலவிட்டார். கிரிகோரோவிச்சுக்குக் காணிக்கையாக்கிய 'அந்தி வேளையில்' தொகுப்புக்கு அதே ஆண்டில் புஷ்கின் பரிசு கிடைத்தது.

எழுதத் தொடங்கும் இளைஞருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: நேரமின்மை நம் எல்லோருக்கும் உள்ளது. அதனால் குறைவாக எழுதலாம், திருத்தாமல் அனுப்பக்கூடாது. பக்கம் நிரப்பக் கதை கேட்கும் நமது சஞ்சிகைகளும் இதை யோசிக்கவேண்டும். மூத்தவர்களான நமக்கோ, முழுவதும் படித்துவிட்டுப் பேசும் கடமை உண்டு.

பிரதியைத் திரும்ப வாங்கி, ஞாயிறன்று முழுக்கப் படித்தேன். முதல் மூன்று பக்கங்களும் தேவையில்லை என்று அவரிடம் சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் தேநீர் இடைவேளையில் வந்து கேட்டார்: "சேர், அந்த மூன்று பக்கத்தையும் எடுத்தால் கதை நிக்குமா?"

நிற்கும் என்றேன். திருத்தி முடித்ததும் இச்சஞ்சிகை ஆசிரியரிடம் நானே அதைக் கொண்டுபோய்க் கொடுப்பேன்.