விதைநெல்லும் மூலநிரலும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, சூரியன் படுகின்ற திசையில் அமைந்தமையாற் படுவான்கரை எனப் பெயர் பெற்ற நிலப்பரப்பிலே, போரதீவுப்பற்றைச் சேர்ந்த நெல்விளையும் ஊர் வெல்லாவெளி. அங்குள்ள உழவர் நன்கறிந்த உண்மை ஒன்றுண்டு: சோறு பசி தீர்க்கும், ஆயின் அதனை விதைக்க இயலாது. விதைநெல்லைக் கையில் வைத்திருப்பவனே அடுத்த போகத்துக்கும் உரியவன். கணினியின் வரலாற்றிலும் இவ்வுண்மையைப் பற்றிய வழக்கே நெடுங்காலம் நடந்துவந்திருக்கிறது.

கணினியின் உறுப்புக்களையெல்லாம் ஏவி நடத்துவது பணிசெயல் முறைமை. மனிதர் எழுதவும் படிக்கவும் வல்ல அதன் வடிவம் மூலநிரல், அதுவே விதைநெல். தொகுப்பான் என்னும் மென்பொருள் மூலநிரலைப் பொறிமொழியாக மாற்றித் தரும், அப்பொறிமொழியே சோறு. முதலில் தொகுப்பானும், பின்னர் அடிப்படை நூலகங்களும், முறைமையின் கருவும், ஏனைய கருவிகளும் ஆக்கப்பட்டு, தொடக்க ஏற்றியோடு ஒரே வட்டுப்படிமமாகக் கட்டப்படும். கணினிக்கு மின்சாரம் ஊட்டியதும் ஏற்றியானது கருவை நினைவகத்துக்குக் கொணரும். கரு ஏனையவற்றை எழுப்பும்.

மென்பொருள் வாணிகம் வளர வளர, நிறுவனங்கள் பல சோற்றை விற்று விதையைப் பூட்டிவைத்தன. இதனை ஏற்காத அமெரிக்கர் ரிச்சர்ட் ஸ்டால்மன், 1983 இல் குனு என்னும் திட்டத்தை அறிவித்தார். 1987 இல் அத்திட்டத்தின் தொகுப்பான் வெளிவந்தது. 1991 இல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் என்னும் கருவை ஆக்கியதும் அத்தொகுப்பானைக் கொண்டே. இவ்விரண்டையும் இணைத்து 1993 இல் டெபியன் தோன்றியது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு, சென்னையிலுள்ள சீ-டாக் நிலையத்தார் தமிழ் முதலிய இந்திய மொழிகளுக்கு இடமளிக்கும் பாஸ் என்னும் முறைமையை உருவாக்கி 2007 இல் வெளியிட்டனர். மூலநிரல் திறந்திருந்தமையாலன்றோ அது கைகூடிற்று!

எனினும், விதை கையிலிருந்தாற் போதுமா? யுனிக்ஸை உருவாக்கியோருள் ஒருவரான கென் தொம்சன், 1984 இல் வெளியான தமது டூரிங் பரிசுரையிலே ஓர் அச்சத்தை எழுப்பினார். தொகுப்பானையும் தொகுக்க முன்னொரு தொகுப்பான் வேண்டும். அம்முன்னது வஞ்சகமாய் மாற்றப்பட்டதாயின், தான் ஆக்கும் மென்பொருளில் கள்ளவழி ஒன்றை நுழைத்துவிடும். அடுத்த தொகுப்பானுக்கும் அக்களவைக் கற்பித்துவிடும். மூலநிரலோ மாசற்றதாகவே தோன்றும்.

இவ்வச்சத்துக்கு விடைகாணப் பலர் உழைத்தனர். 2023 இல் குயிக்ஸ் திட்டத்தார், வெறும் 357 பைட்டு அளவான ஒரு சிறு நிரலிலிருந்து தொடங்கி, படிப்படியாய்ப் பெரிய தொகுப்பான்களை ஆக்கி, முழு முறைமையையும் எழுப்பிக் காட்டினர். அப்பணியை நடத்திச் செல்ல ஆயத்தமான வேறு மென்பொருள் சில வேண்டியிருந்தன வேனும், மூலவித்து ஒருவர் எழுத்தெழுத்தாய்ப் படித்துச் சோதிக்கத்தக்க அளவுக்குச் சுருங்கியது. பதர் நீக்கி, முளைக்கவைத்துப் பார்த்த பின்னரே விதைநெல்லை வயலுக்குக் கொண்டுசெல்லும் உழவனுக்கு இவ்வெச்சரிக்கை புதிதன்று.