மிஸ்ஸியம்மாவும் மூன்றாவது சாட்சியும்

இந்தப் பொங்கலுக்கு எங்கள் வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து ‘மிஸ்ஸியம்மா’ பார்த்தோம். உங்களில் பலர் பலமுறை பார்த்திருப்பீர்கள். விஜயா நிறுவனம் தயாரித்து எல்.வி. பிரசாத் இயக்கிய இந்தக் கறுப்பு வெள்ளைப் படம் 1955 பொங்கலை ஒட்டி வெளிவந்தது. தெலுங்கு ‘மிஸ்ஸம்மா’வில் என்.டி. ராமாராவ் நடித்த பாத்திரத்தைத் தமிழில் ஜெமினி கணேசன் செய்தார். இரண்டிலும் நாயகி சாவித்திரிதான்.

கதை உங்களுக்குத் தெரியும். ஒரு கிராமத்துப் பள்ளிக்கு ஆசிரியர்களாகப் பட்டதாரித் தம்பதி தேவை என்று விளம்பரம் வருகிறது. வேலையில்லாத இருவர் கணவன் மனைவி என்று பொய் சொல்லிச் சேர்கிறார்கள். அவர் இந்து, மேரி கிறிஸ்தவப் பெண். அதனால் எதற்கெடுத்தாலும் சண்டை. தங்கவேலு துப்பறியக் கிளம்பும் இடங்களில் என் பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள்.

கடைசியில் மேரிதான் ஜமீன்தாரின் காணாமல் போன மூத்த மகள் என்று தெரிகிறது. பிறப்பால் இந்து. தடை நீங்கியது, சுபம்.

பேத்தி கேட்டாள்: “தாத்தா, அவங்க நிஜமாவே கிறிஸ்டியனா இருந்திருந்தா கல்யாணம் நடந்திருக்காதா?”

எனக்குப் பதில் தெரியும். சிறப்புத் திருமணச் சட்டம் 1954-ல் நிறைவேறி, 1955 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதாவது படம் வெளிவருவதற்குச் சில நாட்கள் முன்பு. அதற்கு முந்தைய 1872-ஆம் ஆண்டு சிவில் திருமணச் சட்டப்படி ஓர் இந்துவும் கிறிஸ்தவரும் மணக்க வேண்டுமென்றால், தாங்கள் அந்த மதங்களைச் சார்ந்தவர்கள் அல்ல என்று அறிவிக்க வேண்டும். புதிய சட்டத்தில் அது வேண்டாம். அவரவர் மதத்தில் இருந்துகொண்டே மணக்கலாம். 30 நாள் முன்னறிவிப்பு, திருமண அதிகாரி, மூன்று சாட்சிகள், அவ்வளவுதான். சட்டம் கதவைத் திறந்துவிட்டது. படத்துக்குத்தான் ஒரு பிறப்பு ரகசியம் தேவைப்பட்டது. படத்தைக் குறை சொல்லவில்லை. அன்றைய குடும்பங்கள் ஏற்கும் முடிவு அதுதான்.

இத்தனையும் தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. காரணம், என் தங்கையும் அவள் கணவரும் அதே சோபாவில் இருந்தார்கள்.

1986-ல் அவர்கள் இதே சட்டப்படிதான் மணந்தார்கள். சாட்சிக் கையெழுத்துக்கு என்னைக் கூப்பிட்டாள். “அப்பா மனசு உடைஞ்சுடும்” என்று சொல்லி நான் போகவில்லை. வங்கியில் தினமும் எத்தனையோ பேர் கையெழுத்தைச் சரிபார்த்தவன், தங்கைக்காக ஒரு கையெழுத்துப் போடவில்லை.

பதிலைத் தங்கையே சொன்னாள்: “நடந்திருக்கும்டா கண்ணு. மூணு பேர் கையெழுத்து போட்டா போதும்.” பிறகு என் பக்கம் திரும்பாமலே, “எங்களுக்கு மூணாவதா போட்டது அத்திம்பேர் ஆபீஸ் பியூன்” என்றாள். அதில் கோபம் இல்லை. அப்பாவும் இரண்டு வருடத்தில் சமாதானமாகிவிட்டார். உடையும் என்று நான் பயந்தது எதுவும் உடையவில்லை.

நீங்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரும் சேர்ந்து இந்தப் படத்தைப் பாருங்கள். குழந்தைகள் கேள்வி கேட்டால் பதில் சொல்லுங்கள். உங்கள் வீட்டிலும் யாராவது சாட்சிக் கையெழுத்துக்குக் கூப்பிட்டால், பேனாவை எடுத்துக்கொண்டு போய் வாருங்கள்.